அறுபத்திரண்டு பிளவுஸும் ரெடி

ஜூலை 28, திங்கள். இன்று ஒரு சின்னத் தவறு நடந்துவிட்டது. 741ஆம் பில்லின் பிளவுஸ் ரெடி என்று நான் செய்த பக்கம் சொல்லியிருக்கிறது. உண்மையில் அந்த பிளவுஸுக்கு ஒரு கைதான் இருந்தது.

எழுதி முடித்த லாவண்யா, 'சின்ன' என்ற சொல்லை அடித்தாள். நடந்ததைப் பெரிதாக்கிக்கொள்வதும் ஒருவகைப் பெருமைதானோ என்று உடனே சந்தேகம் வந்தது. அடித்ததற்கு மேலேயே மறுபடி 'சின்ன' என்று எழுதினாள்.

"என்னம்மா எழுதறே? நான் திட்டறத குறிப்பு எடுக்கறியா?"

ஒற்றைக் கை பிளவுஸின் சொந்தக்காரி மௌரீன் டீச்சர் இன்னும் கவுண்ட்டருக்கு எதிரில்தான் நின்றுகொண்டிருந்தார். பதற்றம் வந்தால் லாவண்யாவுக்கு டைரி எழுதியாக வேண்டும். எதிரில் ஆள் இருக்கிறாரா என்பதெல்லாம் அப்புறம்.

"இல்ல மிஸ். தப்பு எங்கேன்னு எழுதி வச்சிக்கிறேன்."

"தப்பு எங்கேன்னு நான் காட்டறேன் பாரு." மௌரீன் டீச்சர் பிளவுஸைத் தூக்கிப் பிடித்து, கை இல்லாத பக்கத்து ஓட்டை வழியாக லாவண்யாவைப் பார்த்தார். "நேத்து படுக்கப்போறப்ப பாத்தேன், ரெடின்னு இருந்திச்சு. இந்த நிமிஷம்கூட ரெடின்னுதான் இருக்கு. ஸ்கூலுக்கு அரை நாள் லீவு போட்டுட்டு வந்திருக்கேன். இதப் போட்டுக்கிட்டு நான் எப்படி கல்யாணத்துக்குப் போறது, ஒரு பக்கமா நின்னுக்கிட்டா?"

பிரேசர் டவுனில், பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருந்தது ஜெயலட்சுமி லேடீஸ் டெய்லர்ஸ். கீழே கவுண்ட்டர், அதில் லாவண்யா. மேலே மரப்படி ஏறிப் போனால் நான்கு தையல் மெஷின்களும், கட்டிங் மாஸ்டர் எத்திராஜும், ஜன்னலோரம் கொக்கி தைக்கும் அன்னம்மாளும். வரமகாலட்சுமி பண்டிகைக்கு இன்னும் பதினோரு நாள். பெங்களூரில் அந்தப் பண்டிகைக்குப் புதுப் புடவை கட்டாத பெண்களும் உண்டு. ஆனால் அவர்கள் யாரும் இந்தக் கடைக்கு வருகிறவர்கள் இல்லை.

பண்டிகைக் காலத்தில் ஒரு நாளைக்கு நூறு போன் வரும். "ஆச்சா?" என்று தமிழில் பாதி, "ஆயிதா?" என்று கன்னடத்தில் பாதி. ஒவ்வொரு போனுக்கும் லாவண்யா பதினான்கு படி ஏறி மாஸ்டரைக் கேட்டு, பதினான்கு படி இறங்கிப் பதில் சொல்ல வேண்டும். தொம்மலூரில் வெப்சைட் செய்யக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் அவள் சேர்ந்ததற்குப் பாதிக் காரணம் எதிர்காலம். மீதிப் பாதி அந்த மாடிப்படி.

வகுப்பில் ஒவ்வொருவரும் நிஜமான ஒரு இடத்தில் நிஜமாக உபயோகப்படும் ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். லாவண்யா 'ஆச்சா?' என்று ஒரு வெப்சைட் செய்தாள். வாடிக்கையாளர் பில் நம்பரைத் தட்டினால் துணி வந்தாச்சு, வெட்டியாச்சு, தையலில், ரெடி என்ற நான்கில் ஒன்றைப் பக்கம் சொல்லும். மாடியில் மாஸ்டரிடம் ஒரு போன். வேலை நகர நகர, ஒவ்வொரு பில்லின் நிலையையும் அதில் அவரே தட்டி மாற்றுவார். அது டேட்டாபேஸில் போய் உட்காரும்.

ஆனால் யாராவது கேட்கும்போதெல்லாம் டேட்டாபேஸ் வரைக்கும் போய்ப் பார்த்து வர, அவள் வாங்கியிருந்த மலிவு சர்வருக்கு மூச்சு வாங்கியது. ஆகவே ஒருமுறை செய்த பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த பன்னிரண்டு மணி நேரம் கேட்பவர்களுக்கெல்லாம் அதையே நீட்டும்படி செய்திருந்தாள். வகுப்பில் இதற்கு கேஷிங் என்று பெயர். லாவண்யாவுக்கு இது ஒன்றும் புதிதல்ல. கால் வலித்த நாட்களில், காலையில் மாஸ்டர் சொன்ன பதிலையே சாயங்காலம் வரை போனில் சொல்லிச் சமாளித்தவள்தான் அவள்.

"என் தப்புதான் மிஸ்," என்றாள். "அது எடுத்து வச்ச பழைய பக்கம். டேட்டாபேஸ்ல 'தையலில்'னு சரியாத்தான் இருக்கு. பக்கம்தான் இன்னும் மாறல."

சத்தம் கேட்டு எத்திராஜ் மாஸ்டர் கழுத்தில் அளவு டேப்போடு இறங்கி வந்தார். ஐம்பது வயது. கோபமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"மிஸ், ஒரு கைதானே பாக்கி? உக்காருங்க. டீ வரதுக்குள்ள வச்சிரலாம்."

"மாஸ்டர், இந்தப் பொண்ணோட பக்கம் பொய் சொல்லுது."

"சின்னப் பொண்ணு, கத்துக்கிறா. விடுங்க மிஸ்," என்றார் மாஸ்டர், நிஜமான இரக்கத்தோடு.

மௌரீன் டீச்சர் இரண்டு கையோடும் போன பிறகு, லாவண்யாவுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. பழைய பக்கம் என்றால் பழைய நிலையைத்தானே காட்ட வேண்டும்? 'வெட்டியாச்சு' என்று காட்டியிருந்தால் புரிந்துகொள்ளலாம். இது எப்படி 'ரெடி'யைக் காட்டியது? பழைய பக்கம் பின்தங்கலாம். முந்திக்கொண்டு போவது எப்படி?

மாடிக்குப் போய்க் கேட்டாள். "மாஸ்டர், அந்த 741, நடுவுல ஒரு தடவ ரெடி ஆகி, ஆல்ட்டருக்குத் திரும்பி வந்திச்சா?"

"ரெடி ஆயிடும்மா."

"ஆயிடும் சரி மாஸ்டர், ஆச்சா?"

"நம்ம கடையில ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லம்மா," என்று மாஸ்டர் கத்தரிக்கோலை எடுத்தார்.

மத்தியானம் கடை உரிமையாளர் ஜெயலட்சுமி வந்தார். விஷயம் வாசலிலேயே அவர் காதுக்கு எட்டிவிட்டது.

"லாவண்யா, உனக்கு சனிக்கிழமை என்னவோ லெட்டர் வேணும்னியே?"

"ஆமாங்க மேடம். இந்த வெப்சைட் கடையில நல்லா உபயோகப்படுதுன்னு நீங்க சீல் போட்டுத் தரணும். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள குடுத்தாத்தான் சர்ட்டிபிகேட். இல்லன்னா மறுபடி முதல்லேர்ந்து ஆறு மாசம்."

"நல்லா உபயோகப்படுதுன்னு நான் எழுதணும்னா, அது நல்லா உபயோகப்படணும். ஒரே ஒரு நாள், காலையிலேர்ந்து மறுநாள் காலை வரைக்கும், ஒருத்தர்கூட வந்து சண்டை போடாம இருக்கட்டும். சீல் போட்டுத் தரேன்."

கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது.

ஆறேகாலுக்குக் கிளம்பினால்தான் ஏழு மணி வகுப்பைப் பிடிக்க முடியும். பஸ்ஸில் நின்றுகொண்டே லாவண்யா யோசித்தாள். வகுப்பில் ராம்கி சாரிடம் கேட்டாள். அவர் பகலில் ஒரு கம்பெனியில் வேலை செய்துவிட்டு மாலையில் பாடம் எடுப்பவர். எந்தக் கேள்விக்கும் 'சிம்பிள்' என்று ஆரம்பிப்பார்.

"சிம்பிள். பன்னிரண்டு மணி நேரம் ஜாஸ்தி. அஞ்சு நிமிஷமா குறைச்சிடு."

குறைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவள் வந்தபோது கடை வாசலில் ஒன்பது பேர் இருந்தார்கள்.

ஒவ்வொருவர் போனிலும் முந்தைய இரவு எடுத்த ஸ்கிரீன்ஷாட். அத்தனையிலும் பச்சை நிறத்தில் 'ரெடி'. அதே ஒன்பது பேரும் இப்போது அதே போனில் பார்த்தால் 'தையலில்', 'தையலில்', 'வெட்டியாச்சு', 'தையலில்'.

"ராத்திரி ரெடி, காலையில தையல். என்னம்மா கணக்கு இது?"

"என் தப்புதாங்க," என்றாள் லாவண்யா. "அஞ்சு நிமிஷம்னு வச்சது சரியா வேலை செய்யல போலிருக்கு."

போதாக்குறைக்கு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பில்லின் பக்கத்தையும் புதிதாகச் செய்து செய்து சர்வர் களைத்துப் போயிருந்தது. பக்கம் திறக்க ஒரு நிமிடம் பிடித்தது. காத்திருக்கப் பொறுக்காதவர்கள் பழையபடி போன் செய்தார்கள். லாவண்யா பழையபடி பதினான்கு படி ஏறினாள்.

நேற்று ஒருத்தர், இன்று ஒன்பது பேர். சரிசெய்த பிறகு கூடியிருக்கிறது. அவள் டைரியில் எழுதினாள்: *நான் தொட்டது எதுவும் துலங்கவில்லை. ஆனால் ஏன் எல்லாரும் இரவில் பார்த்தவர்கள்?* இதற்குக் கீழே ஒரு கோடும் போட்டாள். அந்தக் கேள்வியைப் பின்தொடரலாம் என்று நினைத்தபோது போன் அடித்தது.

அன்று மாலை ராம்கி சார் சொன்னார்: "சிம்பிள். நேரத்த நம்பாத. பக்கம் எப்போ பழசாகுது? நேரம் போனா இல்ல, அடியில இருக்கிற ரெக்கார்டு மாறினா. மாஸ்டர் ஒரு பில்ல மாத்தின அந்த நொடியே, அந்தப் பில்லோட எடுத்து வச்ச பக்கத்தத் தூக்கிப் போட்டுடு. அடுத்து யார் கேட்டாலும் புதுப் பக்கம். மாறாத பக்கம் எல்லாம் சும்மா கிடக்கட்டும். சர்வருக்கும் நிம்மதி."

லாவண்யாவுக்கு இது அழகாகப்பட்டது. பதில் மாறியபோது மட்டும் மாஸ்டரே மாடியிலிருந்து ஒரு குரல் கொடுத்தால் எப்படி இருக்கும்? அப்படி. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதி, மூன்று தடவை சோதித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

புதன்கிழமை காலை பதினேழு பேர்.

முன்னால் நின்றவர் அனந்தலக்ஷ்மி மாமி. ரிட்டயர் ஆன அரசாங்க அதிகாரி. எதையும் எழுத்து மூலம் கேட்பவர்.

"இங்க பாரும்மா. உன்னோட முதல் பக்கத்துல 'ரெடியானவை'ன்னு ஒரு பட்டியல் இருக்கு. அதுல என் நம்பர் இருக்கு. 738. சரியா? இப்ப 738னு தட்டறேன். என்ன வரது?"

'துணி வந்தாச்சு' என்று வந்தது.

"ஒரே கடை. முன் வாசல்ல ஒண்ணு சொல்றது, பின் வாசல்ல ஒண்ணு சொல்றது. இதுல எது அபீஷியல்?"

லாவண்யாவுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. பில் பக்கத்தைத் தூக்கிப் போட வைத்தாளே தவிர, அதே பில் இன்னொரு பட்டியலிலும் இருக்கிறது என்பதை மறந்துவிட்டிருந்தாள். அந்தப் பட்டியல் இன்னும் பழைய பன்னிரண்டு மணி நேரக் கணக்கில் அசையாமல் இருந்தது. நேற்று இரவு யாரோ பார்த்தபோது செய்யப்பட்ட பட்டியல். அதில் ஐம்பத்தெட்டு பிளவுஸ் ரெடி.

"என் தப்புதான் மாமி. பட்டியல மறந்துட்டேன்."

"தப்பு ஒத்துண்டே. சந்தோஷம். என் பிளவுஸ் எப்போ?"

"ரெடி ஆயிடும் மாமி," என்றார் படியில் நின்றிருந்த மாஸ்டர்.

ஆனால் ஐம்பத்தெட்டா? இந்தக் கடையில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தைத்தாலே அதிகம். லாவண்யா கவுண்ட்டர் கம்ப்யூட்டரில் டேட்டாபேஸைத் திறந்தாள். ஒவ்வொரு பில்லும் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று அதில் ஒரு பத்தி உண்டு. கடைசி நேரம் மட்டும்தான் இருக்கும். அதற்கு முந்தியது அழிந்துவிடும். பார்த்தால் எல்லா பில்லும் இன்று காலை 9.38க்கும் 9.44க்கும் நடுவில் மாறியிருந்தன. வரிசையாக, ஐந்தாறு நொடிக்கு ஒன்று.

மாடிக்கு ஓடினாள். "மாஸ்டர், காலையில நீங்க எல்லா பில்லையும் தொட்டீங்களா?"

"ஆமாம்மா. வந்ததும் ஒரு தடவ ஒவ்வொண்ணா உள்ளபடி இருக்கான்னு பாத்துச் சரி பண்ணிடுவேன். அத முடிச்சிட்டுத்தான் கத்தரி எடுப்பேன்."

அறுபது பில்லையும், தினமும்! லாவண்யாவுக்குக் கண் கலங்காத குறை. ஜன்னலோரத்தில் கொக்கி தைத்துக்கொண்டிருந்த அன்னம்மாள் பல்லில் நூலைக் கடித்தபடி நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். அன்று டைரியில் லாவண்யா எழுதினாள்: *மாஸ்டரின் பொறுப்பில் பாதி எனக்கு இருந்தால் இந்த வெப்சைட் என்றைக்கோ சரியாகியிருக்கும்.*

மாலை வகுப்பில் அவள் எதையும் விட்டுவைக்கவில்லை. ஒரு பில் மாறினாலும் அது சம்பந்தப்பட்ட எல்லாப் பக்கமும், பட்டியலும், எண்ணிக்கையும் அந்த நொடியே போய்விட வேண்டும். எடுத்து வைத்த எதுவும் பொய் சொல்ல வழியே இல்லை. அதோடு நிற்கவில்லை. வாடிக்கையாளர் ஏன் வந்து பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும்? நிலை மாறினால் பக்கமே அவர்களைத் தேடிப் போகட்டும். பில் மாறிய உடனே வாடிக்கையாளர் போனுக்கு ஒரு மெசேஜ் போகும்படி செய்தாள்.

சோதிப்பதற்குத் தன் பெயரிலேயே ஒரு பில் போட்டுக்கொண்டாள். 759. அதற்கான மாம்பழ மஞ்சள் துணி அவள் கைப்பையில்தான் இருந்தது. மாஸ்டருக்கு இருக்கிற வேலையில் தன் துணியையும் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"அடடே," என்றார் ராம்கி சார். "கேக்காமலே செஞ்சிட்டியே."

வியாழக்கிழமை காலை வாசலில் பத்துப் பேர் இருந்தார்கள். புதன் இரவு பார்த்தவர்கள். அதற்குள்ளேயே 'உங்கள் துணி தையலில் இருக்கிறது' என்ற மெசேஜ் அவர்கள் போனுக்கு வந்திருந்தது. "மொதல்ல தப்பா காட்டினாலும், கடையே சொல்லிடுச்சு பாரு," என்று சமாதானமாகப் போய்விட்டார்கள். பதினொன்றரைக்குக் கடை அமைதியானது.

மத்தியானம் போன் அடிக்கவில்லை. மூன்று மணிக்கும் அடிக்கவில்லை. போன் கெட்டுவிட்டதோ என்று லாவண்யா தன் மொபைலிலிருந்து அதற்கு அடித்துப் பார்த்தாள். அடித்தது.

லாவண்யாவே டைப் செய்து வைத்திருந்த கடிதத்தை ஜெயலட்சுமி வாங்கிப் படித்தார். "இங்கிலீஷ் நல்லாத்தான் இருக்கு. நாளைக்குக் காலை வரைக்கும் இப்படியே இருக்கட்டும். வந்ததும் சீல்." கடிதத்தை மேசை டிராயரில் வைத்தார். சீலும் அதே டிராயரில்தான் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஜாண்.

அன்று லாவண்யா வகுப்பில் முன் வரிசையில் உட்கார்ந்தாள்.

எட்டு மணி ஒன்பது நிமிடத்துக்கு அவள் போனில் ஒரு மெசேஜ் வந்தது.

'அன்புள்ள லாவண்யா, உங்கள் துணி (பில் 759) ரெடி. வந்து பெற்றுக்கொள்ளவும்.'

அவள் மெதுவாகக் கைப்பையைத் திறந்து பார்த்தாள். மாம்பழ மஞ்சள் துணி, வாங்கிய கவரில், வாங்கிய மடிப்போடு இருந்தது.

"சார்," என்றாள். "என் பிளவுஸ் ரெடியாயிடுச்சு."

"கங்கிராட்ஸ்," என்றார் ராம்கி சார் திரும்பாமலே.

"துணி என் பையில இருக்கு சார்."

ராம்கி சார் திரும்பினார். இருவரும் டேட்டாபேஸைத் திறந்து பார்த்தார்கள். அவர்கள் கண் முன்னாலேயே பில்கள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருந்தன. 8.12.04, ரெடி. 8.12.09, ரெடி. 8.12.15, ரெடி. யாரோ படி ஏறுவது போல ஒரே சீராக. எட்டு இருபதுக்கு முன்பே அறுபத்திரண்டு பில்லும் பச்சையாகிவிட்டன. அறுபத்திரண்டு மெசேஜ் பெங்களூர் முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது.

"கடை எட்டரைக்குச் சாத்திடுவாங்க சார். இந்நேரத்துல அறுபத்திரண்டு பிளவுஸ எப்படி..."

"சிம்பிள்," என்று ஆரம்பித்த ராம்கி சார் வாழ்க்கையில் முதல்முறையாக நிறுத்தினார். "சர்வர் வெளிநாட்டுல இருக்கு. அந்த ஊர் நேரத்துல ஏதோ ஒண்ணு தானா ஓடுது. உன் கோடுலதான் எங்கயோ எல்லாத்தையும் ரெடின்னு மாத்தற ஒரு வரி இருக்கணும். தேடு."

நானூற்றுப் பன்னிரண்டு வரி. லாவண்யா ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அப்படி ஒரு வரி இல்லை. தான் எழுதியதைத் தானே கண்டுபிடிக்க முடியாத அளவுக்கா நான் மோசமாக எழுதியிருக்கிறேன் என்று நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

வெள்ளிக்கிழமை காலை எத்தனை பேர் என்று அவள் எண்ணவில்லை. சந்தில் ஸ்கூட்டர் நுழைய முடியவில்லை. ராத்திரி 'ரெடி' என்று ஒரு மெசேஜ், காலையில் 'தையலில்' என்று ஒரு மெசேஜ். இந்த முறை புருஷன்மார்களும் வந்திருந்தார்கள்.

"ஏம்மா, ராத்திரி தெச்சுட்டு காலையில பிரிச்சிட்டீங்களா?" என்றார் ஒருவர். கூட்டம் சிரித்தது. அவர் மனைவி சிரிக்கவில்லை.

"என் தப்புங்க. என் புரோக்ராம்ல ஏதோ இருக்கு. எட்டு மணிக்கு மேல தானா எல்லாத்தையும் ரெடின்னு மாத்துது."

"எட்டு மணிக்கு மேலயா?" என்று மாஸ்டர் ஆச்சரியப்பட்டார். "அப்ப நாம கடைய சாத்திக்கிட்டு இருப்போமேம்மா! அந்நேரத்துல எதுக்கு மெசேஜ் போகணும்? இந்த மெஷினுங்களுக்கு நேரம் காலமே தெரியல."

ஜெயலட்சுமி கூட்டத்தைச் சமாளித்து அனுப்ப ஒரு மணி ஆகிவிட்டது. பிறகு டிராயரைத் திறந்தார். சீலை எடுக்கவில்லை. கடிதத்தை எடுத்து லாவண்யாவிடம் நீட்டினார்.

"கோவிச்சுக்காதம்மா. நல்லா உபயோகப்படுதுன்னு எழுத எனக்குக் கை வரல. நாளைக்குக் காலையில இத மூடிடு. பழையபடி போனே போதும்."

"மேடம், இன்னிக்கு ஒரு நாள் மட்டும். மெசேஜ் எல்லாத்தையும் நிறுத்திடறேன். அது ஏன் மாறுதுன்னு மட்டும் தெரிஞ்சிக்கணும்."

"தெரிஞ்சு?"

சர்ட்டிபிகேட் போனாலும் பரவாயில்லை, இது தெரியாமல் இருக்க முடியாது என்று லாவண்யாவுக்குத் தோன்றியது. அதை அவரிடம் சொல்லத் துணிவில்லை.

"சரி, இன்னிக்கு மட்டும்," என்று சாவியை மாஸ்டரிடம் கொடுத்துவிட்டு ஏழு மணிக்குக் கிளம்பினார் ஜெயலட்சுமி.

ஆறு மாதத்தில் முதல்முறையாக லாவண்யா வகுப்புக்குப் போகவில்லை. எப்போதும் ஆறேகாலோடு அவள் வேலை முடிந்துவிடுவதால், கடை சாத்தும் நேரத்தில் அவள் அங்கே இருந்ததும் அதுதான் முதல் தடவை. கம்ப்யூட்டரில் டேட்டாபேஸைத் திறந்து வைத்துக்கொண்டு கவுண்ட்டரில் உட்கார்ந்தாள். ஏழே முக்காலுக்கு மாடியில் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. தையல்காரர்கள் இறங்கிப் போனார்கள். புடவையில் ஒட்டியிருந்த நூல் பிசிறுகளைத் தட்டியபடி அன்னம்மாள் கடைசியாக இறங்கி வந்தார்.

"என்ன லாவண்யா, கிளாஸுக்குப் போகல?"

"இல்லக்கா. எட்டு மணிக்கு என் புரோக்ராம்ல என்னவோ நடக்குது. அத இன்னிக்குக் கண்ணால பாக்கணும்."

அன்னம்மாளுக்கு என்ன தோன்றியதோ, டிபன் கூடையைக் கவுண்ட்டரில் வைத்துவிட்டு அருகில் வந்து நின்றார்.

8.07.31. பில் 702, ரெடி.

"பாருங்கக்கா! நான் எதையும் தொடல. ரெண்டு கையும் இங்க இருக்கு. தானா மாறுது!"

8.07.37. பில் 703, ரெடி.

அன்னம்மாள் ஸ்கிரீனைப் பார்த்தார். பிறகு தலையை அண்ணாந்து மாடியைப் பார்த்தார்.

"தானா எங்க மாறுது? மாஸ்டரில்ல மேல உக்காந்து தட்டறாரு."

லாவண்யாவுக்குப் புரியவில்லை. "எதை?"

"ரெடி, ரெடின்னு ஒவ்வொண்ணா."

"எதுக்கு?"

"தூங்கறதுக்கு," என்றார் அன்னம்மாள், இதிலென்ன சந்தேகம் என்பது போல. "பாக்கி வேலைய அப்படியே விட்டுட்டுப் போனா அவருக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் வராது. எத்தனை வருஷமா பாக்கறேன். முன்னாடி பில் சீட்டெல்லாம் கம்பியில குத்தியிருக்கும்ல? பாக்கிக்கு ஒரு கம்பி, முடிஞ்சதுக்கு ஒரு கம்பி. கடை சாத்தறப்ப எல்லாச் சீட்டையும் முடிஞ்ச கம்பிக்கு மாத்தி, ஒரு கும்பிடு போட்டுட்டு வீட்டுக்குப் போவாரு. காலையில வந்து திரும்ப எடுத்து உள்ளபடி குத்திடுவாரு. எது எங்க நிக்குதுன்னு எல்லாம் மனசுலயே இருக்கும். இப்பத்தான் நீ கம்பிக்கு பதிலா போன் குடுத்துட்டியே."

8.08.20. பில் 711, ரெடி.

லாவண்யா ஸ்கிரீனையே பார்த்தாள். அவளுடைய பக்கங்கள் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல், ஒரு எழுத்துகூடப் பிசகாமல், டேட்டாபேஸில் இருந்ததை அப்படியே சொல்லியிருக்கின்றன. சரிசெய்யச் சரிசெய்ய, இன்னும் துல்லியமாகச் சொல்லியிருக்கின்றன.

"ஏங்க்கா, அஞ்சு நாளா ஊரே திரண்டு வந்து கத்துது. அவர் ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"அவருக்கு எப்படிம்மா தெரியும்?" அன்னம்மாள் டிபன் கூடையை எடுத்துக்கொண்டார். "யார் வந்து கேட்டாலும் நீதான முந்திக்கிட்டு 'என் தப்பு, என் தப்பு'ன்னு சொன்னே. அந்தப் பொண்ணு சீக்கிரம் நல்லா கத்துக்கணும்னு அவரும் தினம் அந்தக் கும்பிடுலயே சேத்து வேண்டிக்கிட்டுத்தான் போறாரு."

ஆகஸ்ட் 1, வெள்ளி. தவறு எதுவும் கிடைக்கவில்லை. நாளை செய்ய வேண்டியது: மாஸ்டரின் போனில், கடை சாத்தும் நேரத்துக்கென்று அவருக்கு மட்டும் தனியாக ஒரு பக்கம். அவர் தட்டத் தட்ட எல்லா பில்லும் அதில் ரெடி ஆக வேண்டும். அதில் தட்டுவது எதுவும் டேட்டாபேஸுக்குப் போகக் கூடாது. மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு, ஜெயலட்சுமி மேடத்திடம் மறுபடி சீல் கேட்க வேண்டும்.